பரமக்குடி வீட்டுக் குழு: கைக்குழந்தைக்கு வேர்க்கடலை

வித்யா (லண்டன்): பாப்பாவுக்கு ஒவ்வாமை (அலர்ஜி) இருக்கிறதா என்று தோலில் குத்திப் பார்க்கும் சோதனை முடிந்தது. கடலைக்கு ஒன்றும் தடிக்கவில்லை. உடனே கொடுக்க ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள்.

ராஜேஸ்வரி பெரியம்மா: அடியே, ஆறு மாதம்கூட முடியவில்லையே! உடம்பெல்லாம் கரப்பான் வேறு. கத்தரிக்காய், கருவாடு, கடலை மூன்றையும் கரப்பான் பிள்ளை பக்கத்திலேயே விடமாட்டோம்.

பாண்டி சித்தப்பா: மதினி சொல்வது சரிதான். 2004-இல் என் பேரன் பிறந்தபோது அமெரிக்க டாக்டரே மூன்று வயது வரை கடலை கூடாது என்றார்.

செல்வி அத்தை: அண்ணா, அன்றைக்கு அங்கே அறிவுரை அப்படித்தான் இருந்தது. ஒவ்வாமை வர வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை வேண்டாம் என்று 2000-இல் சொன்னார்கள். ஆதாரம் போதாது என்று 2008-இல் அவர்களே அதைக் கைவிட்டார்கள்.

வித்யா: அத்தை, அந்த இஸ்ரேல் விஷயத்தையும் சொல்லுங்கள்.

செல்வி அத்தை: லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கிடியன் லாக் என்று ஒரு டாக்டர். இங்கிலாந்தில் வளரும் யூதப் பிள்ளைகளையும் இஸ்ரேலில் வளரும் யூதப் பிள்ளைகளையும் அவர் குழு ஒப்பிட்டது. இங்கிலாந்துப் பிள்ளைகளிடம் கடலை ஒவ்வாமை ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம். இஸ்ரேலில் ஒரு வயதாகும் முன்பே பம்பா என்ற கடலைத் தின்பண்டத்தைச் சப்பக் கொடுத்துவிடுகிறார்கள்.

செல்வி அத்தை: அதன் பிறகுதான் லீப் ஆய்வு. 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகள். எல்லோருக்கும் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ, இரண்டுமோ. மதினி, நீங்கள் பயப்படுகிற அதே பிள்ளைகள்! ஒரு பாதிக்குக் கடலை கொடுத்தார்கள், மறுபாதிக்கு அறவே இல்லை. 2015-இல் முடிவு வந்தது. நம் பாப்பா மாதிரி சோதனையில் தடிக்காத பிள்ளைகளில், கடலையைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதம் பேருக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை. சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம்தான்.

ராஜேஸ்வரி பெரியம்மா: அதெப்படி செல்வி? சாப்பிட்டால்தானே அரிக்கும்?

செல்வி அத்தை: வாய் வழியாக உள்ளே போனால் உடம்பு அதை உணவென்று பழகிக்கொள்கிறது. கரப்பானில் வெடித்த தோல் வழியாகப் போனால் எதிரியாக நினைத்துவிடுகிறது. வீட்டுத் தூசியிலேயே கடலைத் துகள் இருக்கும். கடலை எண்ணெய் கலந்த களிம்பு தடவிய பிள்ளைகளிடம் ஒவ்வாமை அதிகம் என்று 2003-இலேயே கண்டார்கள். அதனால் வித்யா, தோலை நன்றாகப் பார்த்துக்கொள். டாக்டர் தந்த களிம்பை விடாதே.

ராஜேஸ்வரி பெரியம்மா: தொண்டையில் சிக்கிக்கொண்டால்?

வித்யா: முழுக் கடலை ஐந்து வயது வரை கிடையாது பெரியம்மா. நைசாக அரைத்த கடலை விழுதை வெந்நீரில் கரைத்து, ஆறியதும் கஞ்சியில் கலந்து கொடுக்க வேண்டும். முதல் நாள் நுனிக் கரண்டி. ஒத்துக்கொண்டால் தடவைக்கு இரண்டு டீஸ்பூன், வாரம் மூன்று முறை. ஆரம்பித்தபின் நிறுத்தக் கூடாதாம்.

கார்த்திக் (மதுரை): அத்தை, என் பையனுக்குப் போன மாதம் கடலை மிட்டாய் தின்று உதடு வீங்கி வாந்தி எடுத்தானே. அவனுக்கும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாமா?

செல்வி அத்தை: வேண்டவே வேண்டாம் கார்த்தி! இது ஒவ்வாமை வராமல் தடுக்கும் வழி. வந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டில் செய்து பார்த்தால் உயிருக்கே ஆபத்து. சிறு அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சை இருக்கிறது. அதை ஒவ்வாமை நிபுணர்தான் ஆரம்பிக்க வேண்டும்.

கார்த்திக்: ரத்தப் பரிசோதனையில் பால், கோதுமை, பருப்பு எல்லாமே பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம்.

செல்வி அத்தை: ஐயோ, வளரும் பிள்ளையடா! இதுவரை பாலும் பருப்பும் ஒத்துக்கொண்டுதானே இருந்தது? தாளில் பாசிட்டிவ் என்றால் ஒவ்வாமை என்று அர்த்தமில்லை. சாப்பிட்டபோது என்ன ஆனது என்பதுதான் முக்கியம். கடலையை மட்டும் அறவே தவிர்த்துவிட்டு, மற்றவை பற்றி நாளைக்கே டாக்டரிடம் கேள். நீண்ட நாள் தவிர்த்தால் அதுவே ஒவ்வாமையைக் கொண்டுவரலாம்.

பாண்டி சித்தப்பா: மறுபடி வந்தால் என்ன செய்வது? அலர்ஜி மாத்திரை வீட்டில் இருக்கிறது.

செல்வி அத்தை: தடிப்பு, அரிப்புக்கு மட்டும்தான் அது அண்ணா. மூச்சுத் திணறினாலோ, குரல் கம்மினாலோ, துவண்டு விழுந்தாலோ அட்ரினலின் ஊசி ஒன்றுதான் மருந்து. தொடையின் வெளிப்பக்கம் போட வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ள வழியுண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால் உடனே 108. பிள்ளையைப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மூச்சுக்குத் தவித்தால் உட்கார்ந்திருக்கட்டும்.

கார்த்திக்: காலையில் முதல் வேலையாக டாக்டருக்குப் போன் செய்கிறேன் அத்தை.

செல்வி அத்தை: அந்த ரிப்போர்ட்டை இப்போதே எனக்கு அனுப்பு. மிட்டாய் தின்று எவ்வளவு நேரத்தில் உதடு வீங்கியது என்பதையும் எழுது.