சின்ன மில்லிங் மெஷினுக்கு ஸ்டெப்பர் மோட்டார்: 19 கிலோ போதுமா, 30 எடுக்கணுமா?

மரப்பட்டறை_மார்த்தாண்டம்:
அண்ணன்மாரே ஒரு சந்தேகம். பகல்ல மரவேலை, ராத்திரி பட்டறை அடைச்சப்புறம் சின்னதா ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுற) மில்லிங் மெஷின் கட்டிட்டிருக்கேன். அலுமினியம் வெட்டணும், இடையில தேக்குல கொஞ்சம் கொத்துவேலை. 1605 பால்ஸ்க்ரூ (16 எம்எம் தண்டு, ஒரு சுத்துக்கு 5 எம்எம் நகத்தும்) மூணும் வந்தாச்சு, கன்ட்ரோலுக்கு அர்டுயினோ ஊனோ போர்டுல ஜிஆர்பிஎல் சாஃப்ட்வேர். ஸ்டெப்பர் மோட்டார்ல, அதான் ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு சின்ன படி சுத்துற மோட்டார்ல, வந்து நிக்கேன். திருவனந்தபுரத்துல ஒரு கடையில கேட்டா "30 கிலோ எடுத்தோ, பேடிக்கண்டா"ங்கான் (எடுத்துக்கோ, பயப்படாதேன்னு), கூட மோட்டாரை ஓட்ட டிபி6600 டிரைவர் போர்டும் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையும் தாறேங்கான். எடுக்கலாமா?

பழைய_லேத்து:
தம்பி அவசரப்படாத. அந்த 30 கிலோங்கது எடை இல்ல, கிலோ-சென்டிமீட்டர் கணக்குல டார்க், அதாவது சுத்துற பலம்; அதுவும் மோட்டார் நிக்கும்போது பிடிக்கிற பிடி, ஓடும்போது அது இருக்காது. ஸ்பீடு ஏற ஏற காயில்ல கரண்டு ஏற நேரம் கிடைக்காது, டார்க் இறங்கிட்டே வரும். பெரிய மோட்டார்னா பெரும்பாலும் இண்டக்டன்ஸும் (கரண்டு சட்டுனு ஏற விடாத குணம்) கூடுதல், அதை 24 வோல்ட்ல ஓட்டினா 300 ஆர்பிஎம்லயே மூச்சு வாங்கும், 19 கிலோக்காரன் அதைத் தாண்டிப் போயிருவான். 5 எம்எம் பிட்ச் ஸ்க்ரூல 19 கிலோ மோட்டார் நின்ன நிலையில கிட்டத்தட்ட 200 கிலோ தள்ளும், பாதியா குறைஞ்சாலும் உனக்க வேலைக்கு தாராளம்.

நீமா 23 (மோட்டாரோட முகப்பு அளவு), 19 கிலோ, 2.8 ஆம்ப் மூணு வாங்கு. டிரைவர் டிஎம்542. டிபி6600னு விக்கிற போர்டு பலதுல உள்ள இருக்கது வேற சிப்பு, மேல எழுதியிருக்க ஆம்பியரை நம்ப முடியாது. சப்ளை 36 வோல்ட் வை. 48 போட ஆசை வரும், ஆனா டிஎம்542க்கு உச்சம் 50, டேபிள் சட்டுனு நிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி திருப்பித் தள்ளும், அந்த நேரத்துல டிரைவர் போயிரும். மைக்ரோஸ்டெப் (ஒரு படியை இன்னும் சின்னதா பிரிக்கிறது) 8 போதும், ஒரு சுத்துக்கு 1600 பல்ஸ், எம்எம்முக்கு 320. நிமிஷத்துக்கு 1500 எம்எம் ஓட்டினாலும் செகண்டுக்கு 8000 பல்ஸ்தான், ஊனோ அசால்ட்டா குடுக்கும்.

களியக்காவிளை_எலக்ட்ரிக்கல்:
அண்ணாச்சி சொன்னதுதான். ஒண்ணு மட்டும் சொல்லுகேன், பவர் ஆன்ல இருக்கும்போது மோட்டார் வயரை கழட்டிராதீங்க. நான் ஒரு நாள் லூசா இருக்கான்னு கனெக்டரை லேசா ஆட்டிப் பாத்தேன், டப்புனு ஒரு சின்ன சத்தம், டிரைவர்ல சிவப்பு லைட்டு, அதோட முடிஞ்சுது. அப்புறம் ஸ்டெப் மிஸ் ஆகுதுன்னு ரெண்டு வாரம் கரண்டு கூட்டி குறைச்சி ஆக்சிலரேஷன் மாத்தி மண்டை காஞ்சேன், கடைசியில பாத்தா மோட்டாரையும் ஸ்க்ரூவையும் சேர்க்கிற கப்ளிங்ல, இறுக்கிப் பிடிக்கிற க்ரப் ஸ்க்ரூ வழுக்கிட்டு இருக்கு. ஷாஃப்ட்லயும் கப்ளிங்லயும் சேர்த்து மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க, வழுக்கினா கோடு விலகிக் காட்டிரும். மோட்டார் கை வைக்க முடியாத சூடாகும், அதுக்குப் பயப்படாதீங்க, 70 டிகிரி எல்லாம் சாதாரணம்.

மரப்பட்டறை_மார்த்தாண்டம்:
ரொம்ப நன்றி அண்ணே, 30 வேண்டாம்னு வச்சாச்சு. க்ளோஸ்டு லூப் (மோட்டார் எவ்வளவு சுத்துச்சுன்னு தானே பாத்துக்கிற வகை) எடுத்தா ஸ்டெப்பே மிஸ் ஆகாதுன்னு சொல்லுகாங்களே?

பழைய_லேத்து:
ஸ்டெப் விட்டா திருத்திக்கும், திருத்த முடியலைன்னா அலாரம் அடிச்சி நிக்கும், அவ்வளவுதான். கப்ளிங் வழுக்கினா அதுக்கும் தெரியாது, சுத்தை அளக்கிற என்கோடர் மோட்டார் பின்னால இல்லா இருக்கு. காசு மிச்சம் இருந்தா எடு, முதல்ல இசட்டை, அதான் மேலயும் கீழயும் போற அச்சைக் கவனி. நம்ம ஊர்ல மழை பிடிச்சா கரண்டு போறது தெரியும்லா? பால்ஸ்க்ரூவுக்கு சொந்தப் பிடி கிடையாது, கரண்டு போன உடனே ஸ்பிண்டில் தலை கனத்துக்குக் கீழ வழுகி வந்து ஜாப்லயே கட்டரைக் குத்தும். தலை எத்தனை கிலோன்னு எடை போட்டுச் சொல்லு, பிரேக் வச்ச மோட்டார் வேணுமா இல்ல தலையைத் தாங்குற கேஸ் ஸ்ப்ரிங் போதுமான்னு பாக்கலாம்.