ஆயா வீட்டு டப்பாவுல மூணு பயோனிகல், ஒரு முகமூடி மட்டும் காணோம்

கேள்வி: டர்பன் கோபாகா

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் தென்னாப்பிரிக்காவுல, டர்பன் சாட்ஸ்வர்த்துல இருக்கற எங்க ஆயா (அப்பாவோட அம்மா) வீட்டை ஒழிச்சோம். சமையல்கட்டு மேல்தட்டுல ரெண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா வரிசையா இருந்துச்சு. நம்ம ஊர்ல எந்த வீட்டு டப்பாவுலயும் ஐஸ்கிரீம் இருக்காது, பருப்பும் மசாலாவும்தான் இருக்கும். கடைசி டப்பாவை எடுத்துக் குலுக்கினேன். பருப்புச் சத்தம் இல்லை. திறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

லெகோ கம்பெனியோட பயோனிகல் பொம்மைங்க. 2001ல வந்த முதல் வரிசை. கோபாகா, லேவா, காலி மூணும் அக்கக்காப் பிரிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடந்துச்சு. அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். இது செங்கல் அடுக்கற லெகோ இல்லை. உருளை டப்பாவுல முப்பது சொச்சம் உறுப்பு வரும். பந்து மூட்டு, பல்சக்கரம், கை, கால், ஆயுதம், கடைசியா முகமூடி. கட்டி முடிச்சு முதுகுச் சக்கரத்தைத் திருப்பினா கை வீசும். எதிராளி முகமூடியைத் தட்டி விழ வைக்கணும், அதுதான் ஆட்டம். தலை உச்சியில வெளிச்சம் பட்டா கண்ணு ரெண்டும் ஒளிரும். ராத்திரி போர்வைக்குள்ள டார்ச் அடிச்சு அதைப் பார்த்துக்கிட்டே தூங்கிடுவேன்.

கதைப்படி ஆறு வீரர்கள். ஆறு உருளையில கடல்ல மிதந்து வந்து மாட்டா நூயிங்கற தீவுல கரை ஒதுங்கறாங்க. தாஹு நெருப்பு, காலி தண்ணி, லேவா காத்து, ஓனுவா மண், போஹாட்டு கல், கோபாகா பனி. ஒவ்வொருத்தரும் ஆறு முகமூடி தேடணும். ஆறும் கிடைச்சாத்தான் தங்க முகமூடி.

இதை ஆயாகிட்ட சொன்னப்ப அவங்க கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ரோபோன்னு ஆரம்பிச்சேன். அவங்களுக்கு ரோபோன்னா முச்சந்தியில எரியற சிவப்பு, பச்சை விளக்குதான், இங்க எல்லாரும் அப்படித்தானே சொல்றோம். அதனால பொம்மைன்னு மாத்திச் சொன்னேன். முழுக்கக் கேட்டுட்டு, "இது நம்ம முருகன் கதைடா. சரவணப் பொய்கையில ஆறு பிள்ளைங்க மிதந்தாங்க, அம்மா வந்து சேர்த்து அணைச்சா, ஒரே பிள்ளை, ஆறு முகம்"னு சொன்னாங்க. அன்னையிலிருந்து அவங்களுக்கு அது பொம்மை இல்லை, பிள்ளைங்க. கோபாகாவுக்குக் கோபக்காரன்னு பேர். அவன் பனி வீரன், யாரோடயும் ஒட்டாதவன், அதனால பேர் பொருந்திப் போச்சு. நீல நிறத்துல ரெண்டு கையிலயும் கொக்கி பிடிச்சிருக்கற காலி அவங்க வாயில காளி ஆயிட்டா.

மூணும் மூணு பேரோடது. கோபாகா என்னோடது. லேவா பெரியப்பா மகன் அண்ணனோடது. காலி அத்தை மகளோடது, என்னைவிட எட்டு மாசம் மூத்தவ. அம்மா அப்ப துணி ஃபேக்டரியில மெஷின் ஓட்டினாங்க. புரட்டாசியில கோபாகாவை லே-பைல போட்டாங்க. கடைக்காரர் எடுத்து வைப்பார், வாரா வாரம் 20 ரேண்ட் கட்டணும், முழுசும் கட்டினாத்தான் கைக்கு வரும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நானும் கூடப் போவேன். அட்டையில முத்திரை குத்தறதைப் பார்ப்பேன், அப்புறம் அலமாரியில என் பேர் ஒட்டியிருக்கற உருளையைப் பார்ப்பேன். தீபாவளிக்குக் கைக்கு வந்துச்சு. அந்த டிசம்பர்ல ரேண்ட் விழுந்து டாலருக்கு 13ஐத் தாண்டிடுச்சு, வெளிநாட்டுச் சாமான் விலையெல்லாம் ஏறிப் போச்சு. எனக்குப் பின்னாடி வாங்கின அத்தையும் மாமாவும் அதிக விலை கொடுத்தாங்க. லே-பைல போட்ட அன்னைக்கு விலை என்னவோ அதுதான் கடைசி வரைக்கும். அம்மா இதை ரொம்ப நாள் பெருமையாச் சொன்னாங்க. நியாயமான பெருமைதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். காலி, கோபாகா, லேவா மூணையும் பிரிச்சு ஒண்ணாக் கட்டினா வைருஹான்னு ஒரு பெரிய உருவம் வரும். மீதி மூணும் சேர்ந்தா அகமாய். எங்க மூணு பேர்ல ஒருத்தர் வரலைன்னாலும் வைருஹா இல்லை. அதனால பொம்மைகளை யாரும் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது, ஆயா வீட்டுலயே இருக்கணும்னு ஒப்பந்தம். ஸ்கூல் லீவு விட்டதும் முதல் வேலை வைருஹா. ஆயா வந்து பார்த்துட்டு ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க: "மீதி மூணு பிள்ளைங்க எங்கடா?" அந்த மூணையும் நாங்க வாங்கவே இல்லை.

ஆயா 2009ல போயிட்டாங்க. அப்புறம் வீட்டு விஷயத்துல பெரியவங்க பேச்சை நிறுத்தினாங்க, எங்க பேச்சும் நின்னு போச்சு. அண்ணன் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுல இருக்கார், எப்பவாவது பேசுவோம். அத்தை மகள் ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல. பதினஞ்சு வருசமாச்சு.

டப்பாவுல எல்லாம் இருக்கு. காலியோட முகமூடி மட்டும் இல்லை. ஊடே தெரியற நீல முகமூடி, கௌகௌ. கேக்க வேண்டியது மூணு:

கலந்து கிடக்கறதை எப்படிப் பிரிக்கறது? கோபாகாவோட வெள்ளை பழுப்பேறிப் போச்சு, திரும்ப வருமா? முகமூடியைப் பழசு விக்கறவங்ககிட்ட வாங்கிடலாமா, இல்லை காத்திருந்து தேடணுமா?

பதில்: பினிக்ஸ் பல்சக்கரம்

தம்பி, படிச்சிட்டு என் லேவாவை எடுத்துத் துடைச்சு வச்சேன்.

பிரிக்கறது சுலபம். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இருக்கு. காலி 8533, லேவா 8535, கோபாகா 8536. லெகோ தளத்துல அந்த எண்ணைப் போட்டா கட்டும் வழிகாட்டி கிடைக்கும், 1996லிருந்து வந்ததுக்கெல்லாம் இலவசமாவே வச்சிருக்காங்க. நிறத்தை வச்சுப் பிரி. சாம்பல் நிற உறுப்புகள்தான் மூணுலயும் பொதுவா வரும், அதைத் தனியாக் குவிச்சுட்டுப் படத்தைப் பார்த்துப் பங்கு போடு. முதல்ல கழுவிடு. வெதுவெதுப்பான தண்ணி, 40 டிகிரிக்கு மேல வேண்டாம், கொஞ்சம் பாத்திர சோப்பு. வாஷிங் மெஷின்ல போடாதே. காய வைக்கறது நிழல்ல. பந்து மூட்டுகளை அவசரமா அழுத்தாதே. இருபது வருசப் பிளாஸ்டிக், டர்பன் ஈரக்காத்துலயும் சமையல்கட்டுச் சூட்டுலயும் கிடந்தது. உள்ளங்கையில ஒரு நிமிசம் வச்சுச் சூடாக்கிட்டு மெதுவா நேரா அழுத்து.

பழுப்பு போறதுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. கண்ணாடிப் பாத்திரத்துல வெள்ளை உறுப்புகளை மட்டும் முங்க வச்சு வெயில்ல வை. பெராக்சைடும் வெயிலும் சேர்ந்தாத்தான் வேலை நடக்கும். மணிக்கு ஒரு தடவை கிளறிவிடு, மிதக்கற பக்கம் திட்டுத்திட்டா வெளுக்கும். நம்ம கோடை வெயிலுக்கு ரெண்டு மூணு நாள் போதும். கொஞ்ச வருசத்துல திரும்பவும் பழுப்பேறலாம், அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கோ.

முகமூடியை வாங்கிடுன்னுதான் சொல்வேன். பழைய லெகோ உறுப்பு விக்கற பிரிக்லிங்க் தளத்துல கௌகௌ கிடைக்கும். அச்சு எடுத்துப் போலியும் விக்கறாங்க, உள்பக்கம் பார்த்து வாங்கு. முகம் இல்லாத காலியைப் பார்க்கப் பாவமா இருக்கும். 2001ல இந்த முகமூடிகளைத் தனிப் பொட்டலமாவும் வித்தாங்க. பன்னிரண்டு வடிவம், ஆறு நிறம், உள்ளே எது இருக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும். என் பாக்கெட் காசெல்லாம் அதுலதான் போச்சு. ஒரு ரேண்ட் கூட வீண் இல்லை.

பதில்: டோங்காட் தமிழ் டீச்சர்

நான் இந்தப் பொம்மைகளோடு விளையாடியவள் இல்லை. என் மகன் விளையாடினான். அவன் வாயிலிருந்து வந்த பெயர்களைக் கேட்டு எந்த மொழி என்று தேடியவள் நான், அதனால் இதை எழுதுகிறேன்.

அவற்றில் பல நியூசிலாந்தின் மாவோரி மொழிச் சொற்கள். கதையில் அந்த ஆறு பேரையும் தோஆ என்று அழைப்பார்கள். தோஆ என்றால் வீரன். போஹாட்டு என்றால் கல். தீவில் வாழும் சிற்றுருவங்களுக்கு முதலில் தோஹுங்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். மாவோரி மக்களிடம் தோஹுங்கா என்பது சடங்குகளும் கலைகளும் கற்றுத் தேர்ந்த பெரியவரைக் குறிக்கும் சொல். 2001லேயே அவர்களில் சிலர் வழக்கறிஞர் மூலம் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நிறுவனம் பேச்சு நடத்திச் சில பெயர்களை மாற்றியது. தோஹுங்கா மட்டோரன் ஆனது.

எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து நம் பெயர்களுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். காதில் விழுந்தபடி ஒரு குமாஸ்தா எழுதினார், முதலி மூட்லி ஆனது. பெயரைத் திருப்பிக் கேட்டு வாங்கிய மாவோரி மக்களை நான் மதிக்கிறேன். உங்கள் ஆயா காலியைக் காளி என்றதும் பெயரை மாற்றியதுதான், ஆனால் அது உரிமையோடு மடியில் தூக்கி வைத்துக்கொள்வது. இரண்டும் ஒன்றல்ல.

முகமூடியை வாங்காதீர்கள் தம்பி. பெர்த்தில் இருப்பவரிடம் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

பதில்: நைட் டியூட்டி

நான் நர்ஸ். பெராக்சைடுக்குக் கையுறை கட்டாயம், கண்ணுக்கும் ஏதாவது போட்டுக்குங்க. பார்மசியில கிடைக்கற 3 சதவீதமே போதும், ரெண்டு நாள் கூட ஆகும், அவ்வளவுதான். தலைமுடிக்குப் போடற கெட்டியான சரக்கைக் குழந்தைங்க இருக்கற வீட்டுல வைக்காதீங்க.

இன்னொண்ணு. இந்தக் கதையை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர் கிறிஸ்டியன் ஃபேபர், டென்மார்க்காரர். அவருக்குப் பிட்யூட்டரி சுரப்பியில புற்று அல்லாத ஒரு கட்டி இருந்துச்சு, தினம் ஊசி போட்டுக்கிட்டார். உடம்புக்குள்ள போற மருந்தைச் சின்னச் சின்னப் போர்வீரர்களா நினைச்சுப் பார்த்திருக்கார். அந்த உருளை டப்பா மருந்துக் கேப்ஸ்யூல்தான். 2008ல கதையில வெளியாச்சு: மாட்டா நூயிங்கறது ஒரு பிரம்மாண்டமான உடம்பு, மயங்கிக் கிடக்குது, அதோட முகத்து மேல படிஞ்சதுதான் அந்தத் தீவு. ஆறு பேரும் ஒரு நோயாளியை எழுப்ப வந்த மருந்து.

இதைப் படிச்ச அன்னைக்கு வார்டுல பிட்யூட்டரி ஆபரேஷன் முடிஞ்ச ஒரு பையன் இருந்தான். அவன்கிட்ட சொன்னேன். டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் தினமும் கேட்டான், இன்னைக்கு ஊசியில எந்த நிறத்து ஆள் வர்றார்னு. நானும் தினமும் ஒரு நிறம் சொன்னேன்.

மீதி மூணையும் பத்தி நீங்க எதுவும் கேக்கலை. ஆயா கேட்டாங்களே?

பதில்: டர்பன் கோபாகா

எல்லாருக்கும் நன்றி. பெராக்சைடு வேலை செய்யுது. பாதம் ரெண்டும் வெளுத்துடுச்சு. கோபாகாவோட முகமூடி இன்னும் வெயில்ல இருக்கு.

டீச்சர் சொன்னதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் சும்மா இருந்தேன். மூணாம் நாள் அண்ணன்கிட்ட நம்பர் வாங்கி அத்தை மகளுக்கு எழுதினேன். நலமான்னு கேக்கலை, வீட்டைப் பத்தியும் எழுதலை. முகம் இல்லாத காலியைப் படம் எடுத்து அனுப்பி, "உன்கிட்ட இருக்கா?"ன்னு மட்டும் கேட்டேன்.

பெர்த்துல அப்ப ராத்திரி பதினொண்ணு. உடனே போன் அடிச்சா. அவ கேட்ட முதல் கேள்வி, "கொக்கி ரெண்டும் இருக்கா?" முகமூடி அவகிட்ட இல்லையாம், இத்தனை வருசமும் நான்தான் வச்சிருக்கேன்னு நினைச்சிருக்கா. ஒரு மணி நேரம் பேசினோம். நடுவுல திடீர்னு நிறுத்திட்டு, "ஆயா கடைசி வருசம் அதைச் சாமி ரூம்ல வச்சிருந்தாங்கடா"ன்னா. காளி படத்துக்கு முன்னாடி, குத்துவிளக்குப் பக்கத்துல இருந்த பித்தளைச் செம்புல. இவ எடுக்கப் போனப்ப, "இருக்கட்டும், அது அவ முகம்தானே"ன்னு ஆயா தடுத்திருக்காங்க. எனக்கு இது தெரியவே தெரியாது.

விளக்கும் செம்பும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல சித்தப்பா வீட்டுக்குப் போச்சு. அவரும் நாங்க பேசாம இருந்தவர்தான். நேத்து போன் பண்ணினேன். செம்பு இருக்குன்னார், உள்ளே பழைய திருநீறு கெட்டியா உறைஞ்சிருக்காம், சாமி சாமான்னு யாரும் கிளறலையாம். "நீயே வந்து பாரு. சித்தி சமைக்கறேங்கறா, சாப்பிட்டுட்டுப் போ"ன்னார்.

சனிக்கிழமை போறேன். அத்தை மகள் வீடியோவுல இருப்பா, அண்ணன் லெனேசியாவுலேருந்து கார் எடுத்துட்டு வர்றார். நைட் டியூட்டி கேட்டதுக்கும் பதில்: தாஹு, ஓனுவா, போஹாட்டு மூணையும் ஜோஹன்னஸ்பர்க்ல ஒருத்தர் விக்கறார், ஆளுக்கு ஒண்ணு வாங்கறதா முடிவு பண்ணிட்டோம், அண்ணன் வர்ற வழியில எடுத்துட்டு வருவார்.

பல்சக்கரம் அண்ணே, முகமூடி செம்புல இருந்தா அதைப் பெராக்சைடுல போட மாட்டேன். திருநீறு அப்படியே இருக்கட்டும்.