ரோஜர்ஸின் பத்திரிகைப் பக்கங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

ஜமைக்காவில் பிறந்து 1906-ல் அமெரிக்கா போன ஜே. ஏ. ரோஜர்ஸ் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். புல்மன் ரயில்களில் (படுக்கை வசதி கொண்ட சொகுசுப் பெட்டிகள்) போர்ட்டராக இருந்தவர், தானாகவே படித்து வரலாற்றாசிரியர் ஆனவர். 1917-ல் சொந்தக் காசில் அச்சிட்ட நாவலிலும் ஒரு போர்ட்டர்தான் இனவெறி பிடித்த செனட்டரை வாதத்தில் மடக்குகிறார்!

1934 முதல் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையில் சின்னச் சின்னப் படங்களோடு கறுப்பின வரலாறு சொன்னார். அந்தப் பக்கங்களின் தெளிவான ஸ்கேன் வேண்டும். என்னிடம் இருப்பதில் மை அப்பி, படத்துக்குக் கீழே உள்ள வரிகளைப் படிக்கவே முடியவில்லை. வெளிநாட்டு நூலகக் கணக்கு உள்ளவர்கள் பார்த்துச் சொல்வீர்களா?

அப்புறம், பீத்தோவனையும் கறுப்பர் என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை. அவர் தந்த தகவல்களை ஆய்வாளர்கள் யாராவது ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.