காலுக்கடியில் 'வூம்ப்': பனிச்சரிவு அனுபவங்கள்

அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து:
2021 ஜனவரிக் கடைசி. சால்ட் லேக் சிட்டிக்குக் கிழக்கே வாசாட்ச் மலையில் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் நடக்க உதவும் அகலமான காலணி) மாட்டி நடந்துகொண்டிருந்தோம். கிட்டத்தட்ட சமதரைதான். திடீரென்று காலுக்கடியில் 'வூம்ப்' என்று ஒரு சத்தம். சுற்றியிருந்த பனி மொத்தமும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. கூட வந்த உள்ளூர்க்காரர் வேறெதுவும் பேசாமல் வந்த வழியே திரும்பிவிட்டார். அந்தச் சத்தம் வந்தால் அடியில் இருக்கும் அடுக்கு நொறுங்குகிறது என்று அர்த்தமாம். அதே இடம் 30 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் மேலே இருப்பது பாளமாகக் கிளம்பியிருக்கும். பிப்ரவரி 6 அன்று மில் கிரீக் பள்ளத்தாக்கில் அப்படித்தான் ஆனது. இரண்டு குழுக்களைச் சேர்ந்த எட்டுப் பேர் சிக்கினார்கள், நான்கு பேர் இறந்தார்கள். தப்பியவர்கள்தான் மற்றவர்களைத் தோண்டி எடுத்தார்கள்.

கொலராடோவிலிருந்து:
இங்கேயும் அதே கதை. அக்டோபர், நவம்பரில் விழுந்த கொஞ்சப் பனி, வெயில் படாத வடக்குச் சரிவுகளில் அப்படியே கிடந்தது. அப்புறம் பெரிதாக ஒன்றும் விழவில்லை. தரையோரம் பூஜ்யம் டிகிரி, வெளியே இரவில் மைனஸ் 20, நடுவில் முழங்கால் அளவுப் பனி. இந்த வித்தியாசத்தில் கீழிருந்து ஆவி ஏறி ஏறி, மறுபடி உறைந்து, ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிடும். குழி வெட்டி அடியில் அள்ளினேன், சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் வழிந்தது. உருண்டை பிடிக்கவே வரவில்லை. இதன் தலையில்தான் ஜனவரி இறுதிப் புதுப்பனி வந்து உட்கார்ந்தது. ஜனவரி 30 முதல் பிப்ரவரி 6 வரை நாடு முழுக்க 15 பேர் பலி. சில்வர்டன் அருகே ஒரே சரிவில் மூன்று பேர். புயல் ஓய்ந்து இரண்டு நாள் போனால் போதும் என்பவர்கள் இங்கே நிறைய. இந்த மாதிரி அடுக்கு வாரக்கணக்கில் தேறாது.

நடுவில் ஒரு கேள்வி:
ஏற்கெனவே ஸ்கீ ஓட்டிய தடம் இருந்தால் நம்பிப் போகலாமா?

யூட்டாவிலிருந்து மறுபடி:
நம்பாதீர்கள். மேலடுக்கு தடிமனாக இருக்கும் இடத்தில் நம் எடை அடிவரை இறங்காது. பாறையோரத்தில் மெலிந்திருக்கும்; முன்னால் போனவர்கள் எல்லாரும் தப்பி, அங்கே கால் வைக்கிற ஆள் மொத்தத்தையும் இறக்கிவிடலாம். பீக்கன் (புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி), துழாவும் கம்பி, மண்வாரி எல்லாம் வேண்டியதுதான், ஆனால் அவை புதைந்த பிறகு உதவுகிறவை. அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் 30 டிகிரிக்குக் கீழேதான் சுற்றினோம், அதுவும் தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு இல்லாத இடமாகப் பார்த்து.