அம்மாவின் மருந்துப் பை

குழு: களுவாஞ்சிக்குடி வீடு

பெரியக்கா: அம்மா விடியப்புறம் பாத்ரூமுக்கு எழும்பும்போது தலைசுற்றி விழுந்துவிட்டா. முழங்கையில் உரசல் மட்டும்தான், பயப்படாதீங்க. மறுகா அவவின் மருந்துப் பையைப் பாயில் கொட்டிப் பார்த்தேன், 11 வகை! சோற்றைவிடக் குளிசைதான் கூட.

தம்பி (கட்டார்): எல்லாத்தையும் நிப்பாட்டுங்க அக்கா.

சின்னக்கா: டேய் பொறு. நெஞ்சு வருத்தத்துக்குப் போடும் அட்டனோலோலைச் சடாரென்று விட்டால் நெஞ்சுவலி கூடி வரும், நித்திரைக் குளிசையும் அப்படித்தான், வருசக்கணக்காகப் போட்டவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேணும். அக்கா, எல்லாவற்றையும் படம் எடுத்துப் போடுங்க, கடையில் வாங்கின நோவுக் குளிசை, மாமி கொடுத்த ஆயுர்வேத அரிட்டம் உட்பட.

பெரியக்கா: [படம்] [படம்]

சின்னக்கா: கிளினிக்கில் தந்தது பிரஷருக்கு லொசாட்டன். தனியார் டொக்டர் எழுதின பெட்டியில் வேற பேர், ஆனால் பின்பக்கம் சின்ன எழுத்தில் அதே லொசாட்டன்! அவருக்குக் கிளினிக் கொப்பியைக் காட்டவில்லையா?

பெரியக்கா: எங்க புள்ள, இரண்டு இடத்தில் மருந்து எடுக்கிறது தெரிந்தால் ஏசுவாங்க என்று அவ ஒளித்துவிடுவா.

சின்னக்கா: மற்றப் பிரஷர் குளிசை அம்லோடிபின் தொடங்கின பிறகுதானே கால் வீங்கினது? அது அந்த மருந்தாலேயே வரலாம். அந்த வீக்கத்துக்கு மூத்திரம் போகிற குளிசை, அதையும் இரவில் போட்டுவிட்டு நாலு தரம் எழும்பி நடக்கிறா. பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜிக் குளிசை போன வருசம் தோல் கடிக்குத் தந்தது, வயது போனவர்களுக்கு அது தடுமாற்றம் தரும், சலத்தையும் மறிக்கும். பையோடு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க, பிரஷரை இருத்தியும் எழுப்பியும் பார்க்கச் சொல்லுங்க.

கல்லடி மாமி: வயிற்று அமிலத்துக்குப் போடும் ஒமிப்ரசோலும் கனகாலம் வேண்டாமாம் என்று நான் விட்டேன், மூன்றாம் நாளே நெஞ்செரிவு தாங்க ஏலாமல் திரும்பத் தொடங்கினேன்.

சின்னக்கா: திடீரென விட்டால் கொஞ்ச நாளைக்கு அமிலம் கூடச் சுரக்கும் மாமி, டொக்டரிடம் கேட்டுப் படிப்படியாக விடுங்க. ஆனால் அம்மா அஸ்பிரின் போடுறா, அவவின் வயிற்றுக்கு ஒமிப்ரசோல்தான் காவல், அதில் கை வைக்கக்கூடாது.

பெரியக்கா: போய் வந்தாச்சு. இருக்கும்போது மேல் பிரஷர் 130, எழும்பினவுடன் 104! இரண்டாவது லொசாட்டனும் பிரிட்டனும் இன்றோடு சரி. மூத்திரக் குளிசையை டொக்டர் காலைக்கு மாற்றியிருக்கிறார், 2 கிழமையில் பொட்டாசியமும் சிறுநீரகமும் இரத்தத்தில் பார்த்துவிட்டு அதையும் எடுக்கலாமா என்று சொல்வாராம். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்தால் எதனால் என்ன வந்தது என்று பிடிபடாதாம்.

தம்பி (கட்டார்): அம்மா என்ன சொல்றா?

பெரியக்கா: முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறா. "கிழவிக்கு எதுக்கு மருந்து என்று குறைத்துவிட்டாங்க" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லியாச்சு. நீ ஒருக்கா எடுத்துக் கதை.

பெரியக்கா: தலையணைக்குக் கீழ ஒரு அட்டை பிரிட்டன் இருக்கு 🤦‍♀️