அணைவா, அணைப்பா?

வணக்கம்.

விண்கலங்கள் விண்வெளியில் ஒன்றோடொன்று சேர்வதற்கு (docking) தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு, ‘இணைப்பு’ போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் போதவில்லை. தொலைபேசிக்கும் இணைப்பு, மின்சாரத்துக்கும் இணைப்பு, கடிதத்தோடு வரும் படிவமும் இணைப்பு.

முதலில் எனக்குத் தோன்றியது ‘கொழுவல்’. கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் பெட்டிகளை ஒன்றோடொன்று கொழுவுவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. மகளிடம் சொன்னேன், சிரித்துவிட்டாள். 1975இல் அப்பலோவும் சோயுசும் கொழுவின என்றால், எங்கள் இலங்கைப் பேச்சில் அவை சண்டை பிடித்தன என்றல்லவா ஆகும்! அமெரிக்காவும் சோவியத்தும் கைகுலுக்கிய பயணம் அது. சரி, அதை விட்டுவிட்டேன்.

இப்போது என் கட்சி ‘அணைதல்’. கரையணைதல், துறையணைதல் என்று கடலில் ஏற்கெனவே புழங்கும் சொல். இன்னொரு வசதியும் உண்டு. 1966இல் அமெரிக்காவின் ஜெமினி 8 கலம் செய்ததுபோல, கலம் தானே ஓடிவந்து பொருந்துவது ஒரு வகை. சிக்னஸ் சரக்குக் கலம் அப்படியல்ல. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அருகே வந்து நிற்கும், நிலையத்திலுள்ள கனடாவின் இயந்திரக் கை அதைப் பிடித்து வாயிலில் சேர்க்கும். கொழும்புத் துறைமுகத்தில் பெரிய கப்பலை இழுவைப் படகுகள் ஓரம் சேர்ப்பது போல. முன்னது அணைதல், பின்னது அணைத்தல். தன்வினை, பிறவினை, ஒரு ‘த்’ வேலையை முடித்துவிடுகிறது. ஆட்கள் செல்லும் கலங்கள் அணைபவை: ஆபத்தென்றால் கையின் உதவிக்குக் காத்திராமல் விலக வேண்டுமே.

அணைத்தல் என்றால் விளக்கு நினைவுக்கு வருகிறது என்று சென்னை நண்பர்கள் சொல்லக்கூடும். நாங்கள் விளக்கை நூர்ப்பவர்கள், எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அணைதலுக்குள்ளும் இரண்டு படிகள். சோயுசின் முனை எதிர்க்கலத்தின் கூம்புக்குள் போய் மாட்டிக்கொள்வது ‘கவ்வல்’. பிறகு கொக்கிகள் இரண்டு வளையங்களையும் நெருக்கிக் காற்றுப் புகாமல் பூட்டுவது ‘இறுக்கல்’. இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும். 1971இல் சோயுஸ் 10 சோவியத்தின் சல்யுத் விண்வெளி நிலையத்தைக் கவ்வியது, இறுகவில்லை. மூன்று வீரர்களும் உள்ளே போகாமலே திரும்பினார்கள்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. அப்பலோ–சோயுஸ் பயணத்துக்காகச் செய்த பொறியில் முனை, கூம்பு என்ற பேதமில்லை. எந்தப் பக்கமும் பிடிக்கலாம், பிடிபடலாம். ‘இருபால் அணைவி’ என்று எழுதிப் பார்த்தேன், உயிரியல் பாடம் போல இருக்கிறது. ‘அர்த்தநாரி’ கோயிலுக்குப் போய்விடுகிறது. யாரிடமாவது நல்ல சொல் உண்டா?