நாற்காலியில் விட்டிட்டுப் போன சைமன்: சோமா கதையைத் தமிழில் திருப்பி எழுதின அனுபவங்கள்

கோண்டாவிலிலிருந்து

முதலே சொல்லிவிடுகிறேன். சோமா இன்னும் விளையாடாதவர்கள் இதற்கு மேல் வாசிக்க வேண்டாம். கதை முழுக்க அவிழ்ந்துவிடும்.

2015 செப்டெம்பரில் சுவீடனின் ஃபிரிக்சனல் கேம்ஸ் வெளியிட்ட கணினி விளையாட்டு இது. ரொறன்ரோவில் புத்தகக் கடையொன்றில் வேலை செய்கிற சைமன் ஜரட், கார் விபத்தொன்றில் மூளை பாதிக்கப்பட்டு, மூளையை ஸ்கான் எடுக்க ஒரு நாற்காலியில் போய் இருக்கிறான். கண்ணைத் திறந்தால் 2104. அத்திலாந்திக் கடலடியில் பாதோஸ் 2 என்ற நிலையம். வால்வெள்ளி விழுந்து பூமி முந்தின வருசமே எரிந்துபோயிற்று. எழும்பினவன் 2015இல் இருந்த சைமனும் இல்லை. அந்த ஸ்கானின் ஒரு பிரதி, செத்துப்போன வேறொரு ஆளின் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கிற ஒரே வழி கத்தரின் சன் செய்து வைத்திருக்கும் ஆர்க். மனிதரின் பிரதிகளை ஏற்றி விண்வெளிக்கு அனுப்புகிற ஒரு பெட்டி.

நான் எழுதின கதை பிறந்தது ஓமிக்ரோன் என்ற இடத்தில். ஆழ்கடலுக்கு இறங்க அமுக்கம் தாங்குகிற உடுப்பு வேண்டும். அதற்காகச் சைமனை அந்த உடுப்புக்குள் இருக்கும் இன்னொரு உடம்புக்கு மாற்றுகிறார்கள். மாற்றுவது என்று சொன்னாலும் நடப்பது பிரதி எடுப்பதுதான். புதிய சைமன் கண் திறக்க, எதிர் நாற்காலியில் இருந்து பழைய சைமன் என்ன நடந்தது என்று கேட்கிறான். பிறகு மயங்கிப் போகிறான். அவனுடைய பற்றறியை வடியவிட்டு முடித்துவிடுவதா, அப்படியே விட்டிட்டுப் போவதா என்று விளையாடுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். என்னுடைய லப்டொப் பற்றறி இரண்டு மணித்தியாலம்கூட நிற்காது. அதனால் கரண்ட் இருக்கிற நேரம் விளையாடுவேன், போனதும் விறாந்தைக்கு வந்து அதுவரை நடந்ததை அம்மம்மாவுக்குச் சொல்லுவேன். அவ குப்பி விளக்கைக் கொளுத்தி வைத்திட்டு, காலை நீட்டி இருந்து கேட்பா. 90களின் முதல் பாதி முழுக்கக் கரண்டே இல்லாமல் இங்கே சீவித்தவவுக்கு 13 மணித்தியாலம் ஒரு கணக்கில்லை.

ஓமிக்ரோன் காட்சியைச் சொன்ன இரவு அவ சொன்னா: "இது திருமூலர் செய்ததுதானே. மூலன்ர உடம்புக்கை பூந்து மாடுகளை வீட்டை கொண்டுபோய் விட்டவர்."

"இல்லை அம்மம்மா. திருமூலர் வெளிக்கிட்டால் அங்கை இருக்கிறது வெறும் கூடு. இதிலை பழைய ஆளும் உயிரோடை இருக்கிறான்."

அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. விளக்குத் திரியை ஈர்க்கால் தூண்டிவிட்டா. பிறகு கேட்டா: "அப்ப மற்றவன் எழும்பினவனோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விளையாட்டிலும் பதில் இல்லை. அவனை உயிரோடு விட்டால், நாங்கள் புதிய சைமனோடு கீழே இறங்கிப் போய்விடுகிறோம். பழையவன் எழும்பி என்ன செய்தான் என்று கதை திரும்பிப் பார்ப்பதேயில்லை. அன்றிரவே ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, ஒருவன் நாற்காலியில் கண் திறக்கிறதிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

முதல் அத்தியாயம் மோசம். அவனை ஓடவிட்டேன், கத்தவிட்டேன், நிலையத்தில் திரிகிற அரக்கர்களை விட்டு அவனைத் துரத்தினேன். மற்றச் சைமனுக்கு ஏற்கெனவே நடந்ததெல்லாம் இவனுக்கும் நடந்தது. கிழித்துப் போட்டேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மம்மாவோடு கூடப் போனேன். அவவின் இடுப்பில் எப்போதும் இரண்டு வீட்டுத் திறப்பு இருக்கும். ஒன்று 1993இல் கிளாலியால் போய்க் கனடாவில் நிற்கிற மாமாவின் வீடு, மற்றது அவவின் தங்கச்சியின் வீடு. வெள்ளிக்கு வெள்ளி படலையைத் திறப்பா, முற்றத்தில் மாவிலையெல்லாம் கூட்டி மூலையில் ஒதுக்குவா, சாமியறையில் விளக்கு வைப்பா, கொஞ்சம் இருப்பா, பூட்டிக்கொண்டு வருவா. அன்று அவ ஈர்க்குக்கட்டை உள்ளங்கையில் தட்டி நேராக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது என்னுடைய சைமன் எழும்பி என்ன செய்வான் என்று தெரிந்துவிட்டது.

அவன் ஓமிக்ரோனைத் துப்புரவாக்கத் தொடங்குகிறான். அங்கே தலை சிதறிக் கிடக்கிற உடல்களை முதலில் துணியால் மூடுகிறான். பிறகு நிலையத்தைக் கவனிக்கிற வாவ் என்ற கணினி எல்லா இடமும் பரப்பி வைத்திருக்கும் அந்தக் கறுப்புப் பசையைச் சுவரிலிருந்து வழிக்கிறான். விடிய அது திரும்பி வளர்ந்திருக்கும். திரும்ப வழிக்கிறான். கடலடியில் விடியல் இல்லை என்பதால், பசை எவ்வளவு வளர்ந்தது என்பதை வைத்தே நாளைக் கணக்கிடுகிறான்.

வாசித்த நண்பன் ஒருவன் "பயங்கரக் கதைக்குள் தும்புத்தடி எதற்கு?" என்று கேட்டான். அந்தப் பசை வளருகிற சத்தத்தை நான் இரவில் தனிய இருந்து எழுதின பக்கங்களை அவனுக்குப் பிறகு கொடுத்தேன். அதற்குப் பிறகு அவன் அதைக் கேட்கவில்லை.

நீங்களும் எழுதியிருப்பீர்கள். எந்த இடத்தில் தொடங்கினீர்கள், எங்கே மாட்டுப்பட்டீர்கள் என்று சொல்லுங்கோ.

பருத்தித்துறையிலிருந்து

நான் மாட்டுப்பட்டது இடத்தில். அத்திலாந்திக் எனக்கென்ன தெரியும் என்று நினைத்து, கதையை நிலாவரைக் கிணற்றுக்குக் கொண்டுவந்தேன். அதில் தேசிக்காய் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்று சின்ன வயசில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அதைவிட வேறென்ன ஆழம் வேண்டும்? கிணற்றுக்குக் கீழே சுண்ணாம்புக் குகைகள், குகைகளுக்குள் பாதோஸ், கீரிமலைக் கேணியால் ஆர்க் வெளியே வருகிறது. திட்டம் போடும்போது எனக்கே உடம்பு கூசினது.

எழுதிப் பார்த்தால் பயமே வரவில்லை. ஏன் என்று விளங்க, நேரே போய்க் கிணற்றடியில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்க்கிறார்கள். ஒருவர் ஐஸ்கிறீம் விற்கிறார். ஒரு ஐயா என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, ஓரமா நில்லும், வழுக்கும்" என்றார். இங்கே ஆழம் இருக்கிறது, ஆனால் எங்கே விழுந்தாலும் கூப்பிட்டால் கேட்க ஓராள் நிற்கும். சோமாவின் பயம் மேலே போனாலும் ஒருவருமில்லை என்பதில் இருக்கிறது. வால்வெள்ளியை எடுத்துவிட்டால் கதை செத்துவிடும். எல்லாவற்றையும் திரும்ப அத்திலாந்திக்குக்கே கொண்டுபோனேன்.

ஒன்றை மட்டும் கூட எடுத்துக்கொண்டு போனேன். நிலாவரையில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்புத் தண்ணி. எங்கள் தோட்டக் கிணறுகளிலும் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். என் கதையில் ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் சைமனின் நினைவுகளில் மேலே இருக்கிற நல்லது அப்படியே வரும். ஆனால் இறைக்க இறைக்க அடியில் இருந்த விபத்து ஏறி ஏறி வரும். மூன்றாவது சைமன் அம்மாவின் முகத்தை நினைக்கப் போனாலும் கார்க் கண்ணாடி உடைகிற சத்தம்தான் முதலில் கேட்கும். விளையாட்டில் அப்படி இல்லை, அது என் கற்பனை. ஆனால் எழுதியதில் இந்த ஒன்றைத்தான் நான் விடமாட்டேன்.

இன்னொன்று. அரக்கர்களுக்குப் பயந்து விளையாடாமல் விட்டவர்கள் 2017இல் சேர்த்த பாதுகாப்பு முறையில் விளையாடிப் பாருங்கோ. அரக்கர்கள் இருப்பார்கள், கொல்லமாட்டார்கள். என் தங்கச்சி அப்படித்தான் முடித்தவள். அழுதது என்னைவிடக் கூட.

மானிப்பாயிலிருந்து

நான் தமிழ் படிப்பிக்கிறேன். கதை எழுதவில்லை, முடிவுக் காட்சியை மட்டும் தமிழில் நாடகமாக்கப் பார்த்தேன். இருவரின் பிரதிகளையும் ஏற்றிக்கொண்டு ஆர்க் பறந்துவிட்டது, சைமனும் கத்தரினும் கடலடியிலேயே இருக்கிறார்கள். சைமன் அதுவரை இதைப் பூவா தலையா போல நினைத்திருந்தான். விழுந்தால் நான் அங்கே, இல்லாவிட்டால் இங்கே என்று. கத்தரினோ தாங்கள் அங்கே போய்விட்டோம் என்று நிற்கிறாள்.

இங்கிலீசில் ‘வீ’ என்ற ஒரு சொல்லோடு அவர்கள் சண்டை பிடிக்கலாம். தமிழில் முடியாது. கேட்கிறவரையும் சேர்த்தால் ‘நாம்’, சேர்க்காவிட்டால் ‘நாங்கள்’. எங்கட பேச்சில் ‘நாம்’ கிட்டத்தட்டப் போய்விட்டது. இரண்டுக்கும் ‘நாங்கள்’தான் சொல்கிறோம். ஆனால் எழுதும்போது காது கேட்கிறது. ஒரு கிழமை மினக்கெட்டு முடிவெடுத்தேன். கத்தரின் கடைசிவரை ‘நாம்’ என்றே சொல்வாள். சைமன் ஒருமுறைகூட அந்தச் சொல்லை எடுக்கமாட்டான். அவளும் ஒரு பிரதிதான்; அவளை ஓடவைக்கிற கணினிச் சில்லு கருகி அவள் குரல் நின்ற பிறகு, இருட்டுக்குள், முதல் தடவையாக "நாம்?" என்று கேட்பான்.

உளப்பாட்டுத் தன்மைப் பன்மை படிப்பிக்கிற அன்று இதை உயர்தர வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பின் வாங்கில் இருந்த பிள்ளை கையைத் தூக்கினாள். "ரீச்சர், ஆர்க்கிலை எழும்பின சைமன் ‘நாம்’ எண்டு சொன்னா, அதுக்கை கீழை இருக்கிறவனும் அடக்கமோ?" மணி அடித்தும் ஒரு பிள்ளையும் எழும்பவில்லை.

ஸ்காபரோவிலிருந்து, ஊர் சாவகச்சேரி

நான் 11 வயசில் வெளிக்கிட்டவன். விளையாட்டின் தொடக்கத்தில் சைமன் ரொறன்ரோவில் ரயிலில் போகிற காட்சி வந்தபோது சிரித்துக்கொண்டு விளையாடினேன், நான் தினம் வேலைக்குப் போவதும் ரயிலில்தான். முடிவில் சிரிக்கவில்லை.

என் கதை ஆர்க்கில் எழும்பின சைமனுடையது. அங்கே வெயில், மரம், தூரத்தில் அழகான நகரம். வந்தவுடனே அவனுக்கு ஒரு கேள்விப் படிவம் கொடுக்கிறார்கள், இந்தப் புதிய இருப்பைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று. கதை முழுவதையும் அந்தப் படிவத்துக்கு அவன் எழுதுகிற பதில்களாகவே எழுதினேன். படிவம் நிரப்புகிற மனம் எனக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் மேசையில் இருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் சரியான சொல்லைத் தேடினதைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் சைமனும் எல்லாக் கேள்விக்கும் நல்ல பதிலே எழுதுகிறான். சந்தோசமாக இருக்கிறேன், நன்றி, குறை ஒன்றுமில்லை. கீழே ஒருவன் இருக்கலாம் என்ற எண்ணம் ஒரு பெட்டிக்குள்ளும் வராது.

கோண்டாவில்காரரின் கதையில் அந்தத் துப்புரவாக்குகிற அத்தியாயத்தைப் போன கிழமை வாசித்தேன். வாசித்து முடித்தபோது அங்கே விடியப்பறம். பொறுத்திருந்து அண்ணாவுக்கு எடுத்தேன். வழமையாக அவர் "சாப்பிட்டியே?" என்பார், நான் "ஓம்" என்பேன், பிறகு காலநிலை. அன்றைக்கு நான் கேட்டேன்: "அண்ணா, எங்கட வீட்டை இப்ப ஆர் கூட்டுறது?"

"நான்தான். வேறை ஆர்?" என்றார். இருபத்தைந்து வருசத்துக்கு மேல். நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு என் படிவத்தில் ஒரு பெட்டியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

கோண்டாவிலிலிருந்து, திரும்ப

அண்ணை, உங்கள் பதிலை அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, இடுப்பில் இருந்த திறப்பைத் தொட்டுப் பார்த்தா.

மானிப்பாய் ரீச்சரின் பிள்ளை கேட்ட கேள்விதான் என் கடைசி அத்தியாயத்தை அசைத்தது. கீழே இறங்கினவன் வாவ்வை அழிக்கவும் கூடும், விட்டுவிடவும் கூடும். விளையாட்டில் அது எங்கள் கையில். ஓமிக்ரோனில் இருக்கிற என்னுடைய சைமனுக்கு அதைப்பற்றி ஒரு செய்தியும் போகாது. அவனுக்குத் தெரிய வருவது ஒன்றுதான்: ஒரு நாள் எழும்பிப் பார்த்தால், முந்தின நாள் வழித்த சுவரில் பசை வளரவில்லை. கையை வைத்துப் பார்க்கிறான். சுவர் சுத்தமாக, குளிராக இருக்கிறது. மற்றவன் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அப்போதுதான் விளங்குகிறது. தன் உடம்புக்குள் ஓடுவதும் அதே பசைதான் என்பதும் அந்தச் சுவரைத் தொட்டபடியே விளங்குகிறது.

நேற்றிரவு இதைச் சொல்லி முடித்தேன். கரண்ட் இருந்தது, ஆனாலும் அம்மம்மா விறாந்தை லைற்றைப் போடவிடவில்லை.

"பேந்து அவன் கூட்டுறதை விட்டிட்டானோ?"

"இல்லை அம்மம்மா. அடுத்த நாளும் கூட்டினவன்."